முகத்தைக் கடைசியில் பாருங்கள்: பழைய செதுக்குப் படங்களில் அதிகாரத்தைப் படிக்கும் முறை

தேவாலயத்து வெஸ்ட்ரியிலும், மிஷன் பள்ளி ஹாலிலும், ஏற்காட்டு எஸ்டேட் பங்களாவில் கணப்புக்கு மேலேயும், சேலத்துப் பழைய சாமான் கடை மூலையிலும் கறுப்பு மையில் அச்சான ஒரு துரையோ பாதிரியாரோ சட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பார். யாரென்று கேட்டால் "யாரோ வெள்ளைக்காரர்" என்பதுதான் பெரும்பாலும் பதில். பார்ப்பவர் கண் நேரே முகத்துக்குப் போய்விடும், அங்கேயே நின்றும்விடும். அதனால்தான் படம் வாய் திறப்பதில்லை.

இந்த மாதிரிப் படத்தில் முகம்தான் நம்பத் தகாத பகுதி. ஓவியர் வரைந்ததைச் செதுக்குநர் பார்த்து வெட்டியிருப்பார். அவர் வெட்டியதைப் பார்த்து இன்னொருவர் வெட்டியிருப்பார். படத்தில் இருப்பவரை அந்த இரண்டாமவர் நேரில் கண்டிருக்கவே மாட்டார். அதிகாரம் இருக்கும் இடங்கள் வேறு: அடியில் உள்ள எழுத்து, சுற்றியுள்ள கட்டம், உடை, கை. இந்த வரிசையில் பார்த்துவிட்டு முகத்துக்கு வாருங்கள்.

தேவையான சாமான்கள்

வெள்ளிப் பட்டறையில் கொலுசு வேலை செய்பவர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று போதும், செவ்வாய்ப்பேட்டையில் பட்டறைக் கருவி விற்கும் கடையில் கேளுங்கள். ஒரு சிறிய டார்ச், மில்லிமீட்டர் கோடுள்ள ஸ்கேல், 2பி பென்சில், கேமரா உள்ள போன். கையுறை வேண்டாம். துணிக்கையுறை போட்டால் விரலுக்குக் காகிதத்தின் ஓரம் தெரியாது, கிழிவதற்கு அதுவே காரணமாகும். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்திய கையே நல்லது.

சட்டத்தைத் துடைப்பதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுங்கள். ஏன் என்பது பின்னால் வரும்.

முதல் கேள்வி: இது செதுக்குப் படம்தானா?

செப்புத் தகட்டில் கூரிய எஃகு உளியால் கோடு வெட்டி, கோட்டுப் பள்ளத்தில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தை வைத்து உருளைகளுக்கு நடுவே அழுத்தி எடுப்பது செதுக்குப் படம். நம் ஊரில் வெள்ளித் தட்டில் பெயர் வெட்டுவதைப் பார்த்தவருக்கு இது புதிதல்ல. வேறுபாடு ஒன்றுதான்: இந்த உளியைச் சுத்தியலால் தட்டுவதில்லை, உள்ளங்கையால் தள்ளுவார்கள். தள்ளத் தள்ளக் கோடு தடிக்கும், விட விட மெலிந்து ஊசிமுனையாக முடியும். லென்ஸில் அந்த ஊசிமுனை தெரிந்தால் அது உளிக்கோடு. முனை மழுங்கலாக, கோடு முழுக்க ஒரே தடிமனாக இருந்தால் அமிலத்தில் அரித்தெடுத்தது.

டார்ச்சைக் காகிதத்துக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் படுக்கைவசமாகப் பிடியுங்கள். படத்தைச் சுற்றி ஒரு செவ்வகப் பள்ளம் நிழலாகத் தெரிய வேண்டும். அது தகட்டின் விளிம்பு பதிந்த தடம். அதன் உயரம், அகலம் இரண்டையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். சட்டத்துக்குள் அடங்க வேண்டுமென்று ஓரத்தை வெட்டிவிட்ட படங்கள் ஏராளம், ஆகவே தடம் இல்லை என்பதற்காகவே தள்ளிவிடாதீர்கள். தடம் இருக்கிறது என்பதற்காகவே நம்பவும் வேண்டாம். பிற்காலத்தில் கல்லச்சுப் படத்துக்கும் வெற்றுத் தகட்டை அழுத்திப் பொய்த்தடம் போட்டார்கள். லென்ஸில் ஒழுங்கான கட்டம் கட்டமாகப் புள்ளிகள் தெரிந்தால் அது பத்திரிகை அச்சில் வரும் ஹாஃப்டோன், 1880களுக்குப் பிந்தையது. அதை ஓரமாக வைத்துவிடலாம்.

ஒழுங்கில்லாமல் குத்தப்பட்ட புள்ளிகள் வேறு விஷயம். அது ஸ்டிப்பிள், உளிமுனையாலும் ஊசியாலும் குத்திக் குத்தி முகத்துக்கு மென்மை தருவது. கோடே இல்லாமல் வெல்வெட் துணிபோல் கறுப்பு படர்ந்து, அதிலிருந்து வெளிச்சம் எழுந்து வந்தால் மெசோடின்ட். தகடு முழுவதையும் பல்லுள்ள கருவியால் சொரசொரப்பாக்கி, வெளிச்சம் வேண்டிய இடத்தை மட்டும் மழித்தெடுப்பார்கள்.

இதை அறிவது வெறும் தொழில்நுட்பப் பெருமைக்காக அல்ல. எந்த முறை என்பதே படத்தில் இருப்பவரின் தகுதியைச் சொல்லும். மெசோடின்ட் தகடு சீக்கிரம் தேயும், நல்ல பிரதிகள் சில நூறுக்குள் முடிந்துவிடும். பிரபுக்கள், கவர்னர்கள், பிஷப்புகளின் சுவருக்கென்று செய்தது அது. செப்புக் கோட்டு வேலை சில ஆயிரம் தாங்கும். 1820களில் பரவிய எஃகுத் தகடு பல்லாயிரம் தாங்கும். அதன் கோடுகள் மயிர்போல் மெலிந்து, படம் முழுக்க ஒரு சாம்பல் குளிர்ச்சி இருக்கும். ஸ்டிப்பிளில் செய்த சின்னப் போதகர் படம், ஏறக்குறைய 21க்கு 13 சென்டிமீட்டர் தாளில், இடது ஓரத்தில் தையல் ஓட்டைகளோடு கிடைத்தால் அது ஒரு மாதப் பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்தது. லண்டனில் 1793இல் தொடங்கிய எவாஞ்சலிக்கல் மேகசின் இதழுக்கு இதழ் போதகர்களின் படத்தைச் செதுக்கி வெளியிட்டது. லண்டன் மிஷன் 1827இல் சேலத்தில் வேலை தொடங்கியது. அந்த வட்டத்து வீடுகளிலும் பள்ளிகளிலும் கிடைக்கும் பாதிரியார் படங்களைப் பார்க்கும்போது இந்தப் பத்திரிகை வகைதானா என்பதை முதலில் சோதியுங்கள். அதில் இருப்பவர் இந்தியாவுக்கே வராதவராக இருக்கலாம். சேலத்தில் தொங்குவதால் சேலத்துக்காரர் ஆகிவிடமாட்டார்.

எழுத்து: அடியிலிருந்து மேலே

படத்தின் கீழ்விளிம்பில் இடது மூலையில் மிகச் சிறிய எழுத்தில் ஒரு பெயர், வலது மூலையில் இன்னொரு பெயர். இடது பெயருக்குப் பின் பி, ஐ, என், எக்ஸ் என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் 'பிங்க்ஸிட்', அதாவது ஓவியம் தீட்டியவர். டி, இ, எல் என்றால் கோட்டுச் சித்திரம் வரைந்தவர். வலது பெயருக்குப் பின் எஸ், சி அல்லது எஸ், சி, யு, எல், பி இருந்தால் 'ஸ்கல்ப்ஸிட்', செதுக்கியவர். இ, எக்ஸ், சி என்று வந்தால் அச்சிட்டு விற்றவர். ஓவியர் பெயரையும் செதுக்கியவர் பெயரையும் மாற்றி எழுதிவைப்பது பதிவேடுகளில் காணப்படும் மிகச் சாதாரணமான பிழை.

அதற்கும் கீழே ஒற்றை வரியில் தேதியும் முகவரியும் இருந்தால் அது ஆங்கிலேய வேலை. 1735இல் நடைமுறைக்கு வந்த செதுக்குநர் காப்புரிமைச் சட்டம் தகட்டில் உரிமையாளர் பெயரும் வெளியிட்ட நாளும் இருக்க வேண்டும் என்றது. அந்த நாள் தகட்டின் நாள், காகிதத்தின் நாள் அல்ல. அதே தகட்டிலிருந்து நாற்பது வருடம் கழித்தும் அச்சடித்திருப்பார்கள். காகிதத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நீர்க்குறி பாருங்கள். 1794க்குப் பிறகு ஆங்கிலக் காகிதங்களில் ஆண்டும் இருப்பது வழக்கம். தகட்டில் 1805 என்றும் நீர்க்குறியில் 1821 என்றும் இருந்தால் உங்கள் பிரதி 1821க்கு முன் அச்சாகியிருக்க முடியாது.

நடுவில் பெரிய எழுத்தில் பெயரும் பட்டமும். இங்கேதான் ஆட்கள் அவசரப்படுகிறார்கள். பெயரைப் படித்ததும் நிறுத்திவிடாமல் பட்டத்தை எழுத்தெழுத்தாகக் குறியுங்கள், அதுதான் நாள்காட்டி. 1792இல் பாரமகாலும் சேலமும் கும்பெனி கைக்கு வந்தபோது அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக இங்கே நிலவரி வேலை பார்த்த தாமஸ் மன்றோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1819இல் கே.சி.பி. என்ற பிரிட்டிஷ் வீரப் பட்டம், 1820இல் சென்னை கவர்னர், 1825இல் பரோனெட் என்ற பரம்பரைப் பட்டம், 1827இல் காலராவில் மரணம். அவர் படத்தின் அடியில் பரோனெட் என்று வெட்டியிருந்தால் அந்த எழுத்து 1825க்கு முந்தியதாக இருக்க முடியாது, முகம் எவ்வளவு இளமையாக இருந்தாலும் சரி. பழைய தகட்டில் படத்தைத் தொடாமல் எழுத்தை மட்டும் சுரண்டிப் புதுப் பட்டம் வெட்டுவது சர்வசாதாரணம். சுரண்டிய இடத்தில் லென்ஸ் வைத்தால் லேசான மை மூட்டமும் பழைய எழுத்தின் எலும்பும் தெரியும்.

கத்தோலிக்கப் படங்களில் பட்டம் இன்னும் கறாரானது. 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட அருளானந்தர், அதாவது ஜான் டி பிரிட்டோ, 1853இல் முத்திப்பேறு பெற்றவராகவும் (புனிதர் நிலைக்கு முந்தைய படி) 1947இல் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். அடியில் உள்ள அடைமொழி இந்த மூன்று காலங்களில் எதைச் சேர்ந்தது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

லத்தீனில் 'ஏடாட்டிஸ் சூயே' என்று தொடங்கி ஓர் எண் வந்தால் வயது. அது முடிந்த வயதல்ல. நம் வீடுகளில் "63 நடக்கிறது" என்கிறோமே, அந்தக் கணக்கு. 63 என்று இருந்தால் 62 முடிந்திருக்கிறது என்று வைத்துப் பிறந்த ஆண்டைக் கணக்கிடுங்கள்.

எழுத்தே இல்லாத படம் கிடைத்தால் ஏமாற வேண்டாம். எழுத்து வெட்டுவதற்கு முன்னால் எடுத்த முதல் பிரதிகளுக்கு விலை அதிகம். பெயர் போடத் தேவையில்லாத அளவுக்குத் தெரிந்தவர் என்பதும் ஓர் அதிகாரம்தானே. ஆனால் அடியை வெட்டி எறிந்த படமும் அப்படியே தோன்றும். தகட்டுத் தடம் நான்கு பக்கமும் முழுதாக இருந்தால் மட்டுமே முதல் பிரதி என்று எண்ணலாம். 'இந்தியக் காகிதத்தில்' எடுத்தது என்று பழைய விலைப்பட்டியல்களில் வரும் மெல்லிய தாளுக்கும் இந்தியாவுக்கும் சம்பந்தமில்லை. அது சீனத்துத் தாள்.

கட்டம்: பீடமும் மாடமும்

கோவில் சுவரில் கோஷ்டத்துக்குள் தட்சிணாமூர்த்தி இருப்பதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இந்தப் பகுதி விளக்காமலே புரியும். முட்டைவடிவக் கல்சட்டம், அதன் கீழே பீடம், பீடத்தில் பெயர்ப்பலகை: இது ரோமானியக் கல்லறைச் சிற்பத்திலிருந்து வந்த அமைப்பு. உயிரோடிருக்கும் மனிதரைக் கல்லுக்குள் வைத்து, 'இவர் ஏற்கெனவே நினைவுச் சின்னம்' என்கிறது. பின்னால் தூணும் திரைச்சீலையும் இருந்தால் அரசவைப் பாணி. நூலடுக்கு இருந்தால் கல்விமானாகக் காட்டுகிறார்கள். வெறும் வெள்ளைப் பின்னணி பெரும்பாலும் சிக்கனம்.

கட்டம் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு, பிராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரைவிட நல்ல உதாரணம் இல்லை. 1520இல் ஜெர்மன் ஓவியர் லூக்காஸ் க்ரானாக் அவரை இரண்டுமுறை செப்பில் வெட்டினார். ஒன்றில் வெறும் பின்னணியில் தலை மழித்த, கன்னம் ஒட்டிய துறவி. மற்றதில் அதே ஆள் ஒரு மாடத்துக்குள், கையில் திறந்த வேதத்தோடு, சாந்தமாக. மறுவருடம் ஹான்ஸ் பால்டுங் அந்த உருவத்தை மரச்செதுக்கில் எடுத்துத் தலைக்குப் பின்னால் ஒளிவட்டமும் மேலே புறாவும் சேர்த்துவிட்டார். போப்பின் தூதர் அலெயாண்டர், இப்படிப்பட்ட படங்கள் விற்பனையாகின்றன என்று ரோமுக்குப் புகார் எழுதினார். மனிதர் மாறவில்லை, சுற்றியிருப்பது மாறியது.

ஒளிவட்டத்துக்கு 1625 என்ற ஆண்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திருச்சபை அறிவிக்காதவர்களுக்கு ஒளிவட்டம் போடக்கூடாது என்று போப் எட்டாம் உர்பான் அந்த ஆண்டில் தடை விதித்தார். அதற்குப் பிந்தைய கத்தோலிக்கப் படத்தில் வட்டமில்லாமல் கதிர்கள் மட்டும் இருந்தால் முத்திப்பேறு நிலை, முழு வட்டம் இருந்தால் புனிதர் நிலை என்பது பொது வழக்கு. நாட்டுப்புற அச்சகங்கள் இதை மதித்ததில்லை. ஆகவே எழுத்தோடு ஒப்பிடாமல் வட்டத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

உடை, சின்னம்

கழுத்தின் கீழே தொங்கும் இரண்டு வெள்ளைப் பட்டைகளைச் சேலம் கோர்ட்டுக்குப் போனவர் யாரும் பார்த்திருப்பார். இன்றைக்கு அது வக்கீல் அடையாளம். பழைய படத்தில் அது பிராட்டஸ்டண்ட் போதகராகவும் இருக்கலாம், கல்லூரிப் பேராசிரியராகவும் இருக்கலாம். கறுப்பு அங்கியும் கையில் வேதமும் கூட இருந்தால் போதகர். தோளைத் தாண்டி இறங்கும் பெரிய பொய்முடியும் விலங்கு ரோம விளிம்பும் இருந்தால் நீதிபதி.

கத்தோலிக்க ஆயருக்கு மார்புச் சிலுவை, மோதிரம், அடியில் கேடயச் சின்னம். சின்னத்துக்கு மேலே அகன்ற தொப்பியிலிருந்து இருபுறமும் குஞ்சங்கள் தொங்கும். ஒரு பக்கத்துக் குஞ்சங்களை எண்ணுங்கள்: 6 என்றால் ஆயர், 10 என்றால் பேராயர், 15 என்றால் கர்தினால். 19ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய வேலைகளில் இந்த எண்ணிக்கை தளர்வாகவே இருக்கும். சேலம் மறைமாவட்டம் 1930இல்தான் புதுச்சேரி, கும்பகோணம் பகுதிகளிலிருந்து பிரிந்து உருவானது. அதற்கு முந்தைய ஆயர் படம் ஒன்று இங்கே கிடைத்தால் அந்த இரண்டு இடங்களின் வரிசையில் தேடுங்கள்.

கேடயத்தில் வண்ணம் இல்லையே என்று திகைக்க வேண்டாம். கோடுகளே வண்ணம். 1638இல் பெத்ரா சாங்க்தா என்ற இயேசுசபைக் குரு எழுதிய நூலால் பரவிய முறை இது. செங்குத்துக் கோடு சிவப்பு, படுக்கைக் கோடு நீலம், புள்ளி பொன், வெறுமை வெள்ளி, நம் பார்வையில் இடது மேலிருந்து வலது கீழாகச் சாயும் கோடு பச்சை, குறுக்கும் நெடுக்கும் கறுப்பு. இதைப் பேப்பரில் எழுதி லென்ஸ் பெட்டிக்குள் வைத்துக்கொண்டால் சின்னத்தை வண்ணத்தோடு விவரித்துத் தேட முடியும்.

நம் ஊர்ச் சின்னங்களில் செதுக்குநர்கள் அடிக்கடி தடுமாறுவார்கள். 1623இல் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்த இயேசுசபைக் குரு தத்துவ போதகர் ராபர்ட் டி நொபிலி காவியும் பாதக்குறடும் அணிந்து சந்நியாசியாக வாழ்ந்தவர். அந்தக் கோலத்தின் அதிகாரம் தமிழ்ப் பார்வையாளருக்கானது. ஐரோப்பாவில் உட்கார்ந்து வெட்டியவருக்குக் குடுமியும் குறடும் வெறும் விநோதம். தமிழர் ஒருவர் இருக்கும் படமானால் முதலில் அடி எழுத்தைப் பாருங்கள். தரங்கம்பாடி மிஷனில் 1733இல் குருப்பட்டம் பெற்ற ஆரோனைப்போலப் பெயரும் பதவியும் சேர்த்து எழுதப்பட்டவர் ஒரு தனிமனிதர். பெயரின்றி 'இந்து' என்றோ சாதிப்பெயரோ மட்டும் இருந்தால் அவரைத் தனிமனிதராக அல்ல, ஒரு கூட்டத்தின் மாதிரியாகத்தான் காட்டினார்கள். பதிவேட்டில் இந்த வேறுபாட்டைக் கட்டாயம் எழுதுங்கள்.

கை: இடமா வலமா

தகட்டில் வெட்டியது காகிதத்தில் இடவலமாகத் திரும்பி விழும். கவனமான செதுக்குநர் கண்ணாடியில் பார்த்துத் திருப்பி வெட்டுவார். திருட்டுப் பிரதி எடுப்பவர் கண்ட படத்தை அப்படியே தகட்டில் வெட்டிவிடுவார், அச்சில் இடவலம் மாறிவிடும். கண்டுபிடிக்க நான்கு இடங்கள் பாருங்கள். ஆசீர்வதிக்கும் கை வலக்கையாக இருக்க வேண்டும். ஆயரின் மோதிரம் வலக்கையில். பட்டத்தின் நட்சத்திரம் அணிந்தவரின் இடது மார்பில், அதாவது நமக்கு வலப்பக்கம். வாள் இடது இடுப்பில். இதில் இரண்டு மாறியிருந்தால் உங்களிடம் இருப்பது நகல். நகல் என்பதால் தூக்கி எறிய வேண்டியதில்லை. திருடி விற்கும் அளவுக்கு அந்த முகத்துக்குச் சந்தை இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. 1519இல் ஜெர்மன் ஓவியர் டியூரர் செதுக்கிய கர்தினால் ஆல்பிரெக்ட்டின் சிறிய படம் 200 பிரதிகளோடு, தகட்டையும் சேர்த்து, கர்தினாலிடமே ஒப்படைக்கப்பட்டது. யாருக்குக் கொடுப்பது என்பதை அவரே முடிவு செய்தார். அது அருளிக் கொடுத்த முகம். நகல், கடையில் வாங்கிய முகம்.

மூடிய நூலின் நடுவே விரலை வைத்திருந்தால், படிப்பை உங்களுக்காக நிறுத்தியிருக்கிறார் என்ற பாவனை. திறந்த நூலில் விரல் ஒரு வசனத்தைச் சுட்டினால் லென்ஸ் வைத்து அந்த வசனத்தைப் படியுங்கள், பல சமயம் உண்மையாகவே எழுத்து வெட்டியிருக்கும்.

இப்போது முகம். கண் உங்களைப் பார்க்கிறதா, பக்கவாட்டிலா, மேலே வானத்தையா? பக்கவாட்டு முகம் நாணயத்திலிருந்து வந்தது, ஆட்சியாளர் சாயல். வானம் பார்க்கும் கண் சில சமயம் இறந்தபின் வெட்டியதாக இருக்கலாம். அதற்கு மேல் குணத்தை முகத்தில் தேடுவது ஜோசியம்.

தொங்கிய இடமும் படத்தின் ஒரு பகுதி

துடைக்குமுன் எடுத்த போட்டோவுக்கு இப்போது வாருங்கள். கண்ணாடியில் சந்தனப் பொட்டு, குங்குமத் தடம், மாலை கட்டிய ஆணி, மெழுகுவத்திப் புகை, சீரோ வாட் பல்பின் வயர்: இவை அழுக்கல்ல. லண்டனில் பத்திரிகைத் தாளாகப் பிறந்த படம் இங்கே பூசைக்குரியதாகவோ முன்னோர் படமாகவோ ஆனதற்கான ஆதாரம். தரையிலிருந்து ஆணியின் உயரம், எதிர்ச்சுவரில் என்ன, பக்கத்துப் படம் யாருடையது என்று எழுதிக்கொண்ட பிறகே துடையுங்கள். துடைப்பது கண்ணாடியின் வெளிப்புறத்தை மட்டும், ஈரத்தைத் துணியில் தொட்டு. நேரே தெளித்தால் சட்டத்தின் இடுக்கில் இறங்கிக் காகிதத்தைப் பிடிக்கும்.

பிரிப்பதானால் பிப்ரவரி, மார்ச்சில் பிரியுங்கள். ஏற்காட்டு மூடுபனிக் காலத்தில் காகிதம் ஈரம் குடித்து உப்பியிருக்கும். மலையிலிருந்து இறக்கிச் சேலம் வெயிலில் அன்றே திறந்தால் சுருங்கி அலையலையாக நெளியும். மூடிய உறையிலேயே ஒருநாள் வைத்துப் பிறகு திறப்பது நல்லது. பின்பலகை மரமாக இருந்தால் அதன் அமிலம் தாளில் கணுக்கணுவாகப் பழுப்பு ஏற்றியிருக்கும். அந்தப் பலகையை மாற்றுங்கள், ஆனால் அதில் ஒட்டிய பிரேம் கடைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். கண்ணாடி காகிதத்தைத் தொடக்கூடாது, நடுவே அமிலமற்ற அட்டை வெட்டி இடைவெளி விடுங்கள். ஓரத்தில் ஒழுங்கில்லாமல் மேற்பரப்பு மேய்ந்ததுபோல் இருந்தால் இராமபாணப் பூச்சி. வெளிச்சுவரில் மாட்டினால் அது திரும்ப வரும், உட்சுவருக்கு மாற்றுங்கள். பழுப்புப் புள்ளிகளுக்கு பிளீச்சிங் பவுடர் போடும் யோசனை யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு விட்டுவிடுங்கள். லாமினேஷன் செய்யவே கூடாது. தகட்டுத் தடம், மையின் மேடு இரண்டும் சூட்டில் நசுங்கிப்போகும், திரும்பப் பிரிக்கவும் முடியாது.

அடையாள எண்ணைப் பின்பக்கம் கீழ் இடது மூலையில், அச்சு இல்லாத ஓரத்தில், 2பி பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் வரை அழுந்தும், ஜெல் பேனா ஊறி நெற்றியில் வந்து நிற்கும்.